கட்டுத்தரையில் கித்தார்

பால் கறக்கிற நேரம் வந்தும் அந்தப் பிடி வரவில்லை.

ஆள்காட்டி விரலைத் தந்திகளின் மேல் குறுக்கே படுக்கவைத்து, மற்ற மூன்று விரல்களையும் ஆளுக்கொரு கட்டத்தில் ஊன்ற வேண்டும் என்று புத்தகத்தில் படம் போட்டிருந்தது. படத்தில் இருந்த வெள்ளைக்காரன் இதைச் சிரித்துக்கொண்டே செய்தான். அவனுக்கு விரலில் வலி இல்லையோ, எனக்குத்தான் மூளை இல்லையோ.

நான் அமுக்கினால் மற்ற தந்திகள் எல்லாம் ஊமையாகிவிடும். நடுவில் ஒரே ஒரு தந்தி மட்டும் மூக்கால் ஒரு இழுப்பு இழுத்து, பாதியில் உடைந்து நிற்கும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்ட ஏலத்தில் கிடைத்த கித்தார் அது. நான் விடுதி அறைக்கு நாற்காலி வாங்கத்தான் போயிருந்தேன். கித்தாரோடு புத்தகம் இனாம். சொல்லிக் கொடுக்கிற ஆள் இனாமாக வரவில்லை.

திங்கட்கிழமை சேலத்தில் காலேஜ் திறக்கிறது. அன்றைக்கு விடுதியில் ஒரு முழுப் பாட்டு வாசித்துக் காட்டுவதாக, கித்தாரைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். பாட்டு முக்கால்வாசி வந்துவிட்டது. மீதிக் கால்வாசியும் இந்தப் பிடிதான்.

மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்குள் முதலில் வாசித்தபோது, மசகு போடாத வண்டி அச்சு என்றார் அப்பா. அடுத்த நாள் கிணற்று உருளை என்றார். உவமைகள் தீர்ந்ததும் என்னையும் கித்தாரையும் கட்டுத்தரைக்கு அனுப்பிவிட்டார். மாடுகன்று எதிர்த்துப் பேசாது என்பது அவர் கட்சி.

அம்மா மட்டும் எதோடும் ஒப்பிடவில்லை.

அதுமட்டுமில்லை. காலையிலும் சாயங்காலமும் பால் கறக்க உட்காரும்போது, என்னைத் தேடிப் பிடித்துவந்து வாசிக்கச் சொன்னாள். விரல் நுனியெல்லாம் கொப்பளித்து, போதுமடா சாமி என்று நான் கித்தாரைப் பரண்மேல் போட்ட அன்று, அவளே ஏறி இறக்கிக் கொண்டுவந்தாள். கொப்புளத்துக்கு வெண்ணெய் தடவி, கித்தாரைக் கையில் கொடுத்தாள். பெற்ற தாயின் சங்கீத ஞானத்தை இத்தனை வருஷம் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

கட்டுத்தரையில் வசதிக்குக் குறைவில்லை. உட்காரத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு. புத்தகம் வைக்க வைக்கோல் கன்று.

கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தைத்து, தாய்க்கு முன்னால் நிறுத்தி, அது நக்கிக்கொண்டிருக்கும்போது பாலைக் கறந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் எருமை அதை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். பாலையும் மேலே இழுத்துக்கொண்டதாம். ராசிபுரத்து நெய் வியாபாரி வந்து வெறுங்கையோடு திரும்பிப் போனானாம். என் விடுதிச் சாப்பாடே அந்த நெய்யில்தான் ஓடுகிறது.

அதெல்லாம் நான் விடுமுறைக்கு வருவதற்கு முன்பு. நான் வந்த சில நாளில் எருமை தானாகவே சரியாகிவிட்டது. அதன் பிறகு அந்தக் கன்றுக்கு வேலை இல்லை. புத்தகத்துக்குச் சரியான உயரம்.

அம்மா மடியைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். மூக்கிழுப்பு வந்தது. செம்பில் பால் விழ ஆரம்பித்தது.

மறுபடி வாசித்தேன். இந்தத் தடவை கட்டைவிரலை எங்கே கொண்டுபோய் வைத்தேனோ தெரியாது.

பிடி வந்துவிட்டது.

அத்தனை தந்திகளும் ஒன்றாக, சுத்தமாக, கோயில் மணி மாதிரி ஒலித்தன. வெள்ளைக்காரன் ஏன் சிரித்தான் என்பது புரிந்தது. நானும் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை வாசித்தேன்.

எருமை உதைத்தது. செம்பு உருண்டு சாணிக்குள் போய் நின்றது.

அம்மா கோபிக்கவில்லை.

"அது வேண்டாஞ் சாமி. முன்னே வாசிச்சயே, அதையே வாசி."

இதுதான் சரி, இத்தனை நாளும் வாசித்தது தப்பு என்று புத்தகத்தைக் காட்டி விளக்கினேன். அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அது சாய்ந்திருந்த கன்றைப் பார்த்தாள். சாகிற அன்று, எழுந்து நிற்க முடியாமல், தாயைப் பார்த்து அது கத்தினது நான் முன்னே வாசித்த மாதிரியேதான் இருந்தது என்றாள். அப்பா அன்றைக்குச் சந்தைக்குப் போயிருந்தார். கேட்டது அவளும் எருமையும்தான்.

செம்பைக் கழுவிக்கொண்டு வந்து மடியடியில் உட்கார்ந்தாள்.

தப்பாக வாசிப்பது சுலபம் என்றுதான் நினைத்தேன். விரலை வைத்தேன். சரியாக ஒலித்தது. கொஞ்சம் தளர்த்தினேன். அப்போதும் சரியாகவே ஒலித்தது. எருமை காலை மாற்றி ஊன்றியது. ஒரு விடுமுறை முழுக்க வா வா என்று கூப்பிட்டும் வராத சனியன், இப்போது போ என்றால் போகமாட்டேன் என்றது.

கட்டைவிரலை எடுத்தேன். முறுக்காணியைத் திருகித் தந்தியைத் தொய்யவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, முதல் நாள் எப்படிப் பிடித்தேனோ அப்படி, ஒன்றும் தெரியாதவனைப் போல அமுக்கினேன்.

மூக்கால் ஒரு இழுப்பு. பாதியில் உடைந்தது.

எருமையின் காதுகள் இரண்டும் என் பக்கம் திரும்பின. செம்பில் பால் விழும் சத்தம் கேட்டது.

நிறுத்தாமல் அதையே வாசித்தேன். அம்மா தலையைத் தூக்காமல் கறந்துகொண்டே கேட்டாள்.

"திங்கக்கெழமை இதையும் எடுத்துட்டுப் போயிருவயா சாமி?"

அதற்குள் எருமை கழுத்தை நீட்டி, வைக்கோல் கன்றைத் தாண்டி, கித்தாரை நக்க ஆரம்பித்தது.