படம் வருகிறது

பல் மருத்துவமனையின் ரிசப்ஷனில் இருந்த டிவியில் போர் நடந்துகொண்டிருந்தது. நேரலை.

சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தாள் ரிசப்ஷன் பெண். காத்திருப்பவர்களைப் பயமுறுத்த உள்ளே ஓடும் பல் குடைகிற மெஷினே போதும்.

தலைக்கவசம் போட்ட இளம் செய்தியாளர் ஒருத்தி, இடிந்த சுவரோரம் நின்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் புகை.

கன்னம் வீங்கி வந்திருந்த அம்மாள் தன் வலியை மறந்து உச்சுக் கொட்டினார். இவளைப் பெற்றவள் எப்படித்தான் அனுப்பினாளோ என்று பக்கத்தில் இருந்தவரிடம் அங்கலாய்த்தார்.

ரிசப்ஷன் பெண்ணின் முகத்தில் அப்படியொரு தெளிச்சி. வந்தவர்களுக்குச் சீட்டுப் போட்டாள், போனை எடுத்தாள். ஒரு கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. நடுநடுவே தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அங்கே ஊர் பற்றி எரிகிறது, இவளுக்குச் சிரிப்பு வருகிறதே என்று அம்மாளுக்குச் சுருக்கென்றது.

அப்போது திரை பளீரென்று வெளுத்தது.

படம் சரிந்து விழுந்தது. சாலை செங்குத்தாக நின்றது. புழுதி. யாருடையதோ ஒற்றைச் செருப்பு.

ரிசப்ஷன் பெண் எழுந்துவிட்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

புழுதிக்குள்ளிருந்து செய்தியாளர் தள்ளாடி எழுந்தாள். இருமினாள். கை கால் எல்லாம் இருந்தன. அப்பாடா என்று அறையே மூச்சுவிட்டது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

ரிசப்ஷன் பெண் மட்டும் உட்காரவில்லை. மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

செய்தியாளர் திரையை நோக்கி ஓடிவந்தாள். மண்டியிட்டாள். எதையோ திரும்பத் திரும்பக் கேட்டாள்.

சாலை மெல்ல அசைந்தது. படம் தரையை விட்டு எழும்பியது. இப்படியும் அப்படியும் ஆடி, நேரானது.

ரிசப்ஷன் பெண் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் அந்தச் சிரிப்பு.

அம்மாள் அருகே போய், அந்தப் பொண்ணு உனக்குச் சொந்தமா என்று கேட்டார். இல்லை, கூடப் போயிருப்பவர்தான் தன் வீட்டுக்காரர் என்றாள் அவள்.

அம்மாள் திரையைத் துழாவினார். சுவர், புகை, அந்த ஒருத்தி.

“கூட யாரையும் காணோமேம்மா?”

“இருக்காரும்மா. படம் ஆடாம நிக்குது பாருங்க.”