பதில் போடுத பிள்ளை

"அதோ, அண்ணாச்சி வந்துட்டாரு" என்று மகிமா மேடம் ஜன்னலைக் காட்டியதும் முதஸ்ஸிர் எழுந்து காலரைச் சரிசெய்துகொண்டான். கீழே, லாரிகளுக்கு நடுவில் ஆட்டோவை விட்டு இறங்கிய சிவந்தி அண்ணாச்சியின் கையில் அல்வாப் பெட்டி இருந்தது. திட்ட வருகிறவர் யாரும் அல்வா வாங்கிக்கொண்டு வருவதில்லை. தன் வேலை பிழைத்தது என்று அவன் அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

துறைமுகத்தில் வந்து இறங்கும் கன்டெய்னர்களை வியாபாரிகளுக்காக வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் தண்டையார்பேட்டையில் மகிமா நடத்திவந்த அலுவலகத்தின் தொழில். 'என் பெட்டி எங்கே?' என்று வியாபாரிகள் அனுப்பும் மெயில்களுக்குப் பதில் போடுவது முதஸ்ஸிரின் வேலை. அதைப் பல வருடங்களாக அவன் ஒருவனே பார்த்துவந்தான். வேகமாகவும் பார்த்தான். 'நோட்டட். வில் அப்டேட் ஷார்ட்லி' என்று ஒரு வரியைத் தயாராக வைத்திருந்து, வருகிற மெயிலுக்கெல்லாம் அதை ஒட்டி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான்.

இந்த மாதம் பிறந்ததும் மகிமா அந்த வேலையை ஒரு ரோபோவிடம் கொடுத்துப் பார்த்தார். கை, கால், கண்ணில் சிவப்பு விளக்கு என்றெல்லாம் எதிர்பார்த்திருந்த முதஸ்ஸிருக்கு ஏமாற்றம். அது கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற வெறும் சாஃப்ட்வேர். மெயிலைத் தானே திறந்து, பெட்டியின் எண்ணை எடுத்து, துறைமுகத்தின் வெப்சைட்டில் தேடி, பதிலையும் தானே அனுப்பியது. சரக்கு தாமதமானால் மன்னிப்புக்கூடக் கேட்டது. முதஸ்ஸிர் தன் வீட்டைத் தவிர வேறெங்கும் மன்னிப்புக் கேட்டு அறியாதவன். பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி வேடிக்கை பார்த்தான்.

"எனக்குப் போட்டியா ஒரு மிக்ஸி வந்துகீது. அதுதான் ஜெயிக்கும் போலகீது" என்று மனைவி இஷ்ரத்திடம் சொன்னான்.

அவள் சிரிக்கவில்லை. ரோபோவையே வைத்துக்கொள்வது என்று முடிவானால் அவனை எண்ணூரில் கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டு வாசலுக்கு அனுப்புவதாகப் பேச்சு. வெயிலிலும் நிலக்கரித் தூசியிலும் லாரி டிரைவர்களோடு நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆபீஸ் மாடிப்படி ஏறவே சுவரைப் பிடித்துக்கொள்ளும் முட்டி அவனுடையது. ஏதாவது வாயைத் திறந்து பேசுங்கள் என்று இஷ்ரத் விரட்டினாள்.

பேசினான். "மெஷினுக்கு இன்னா தெரியும் மேடம்? நம்மாண்ட கேக்குறவங்கோ பேஜாராயிதான் கேக்குறாங்கோ. மனுஷன்தான் பதில் சொல்லணும்." சினிமா வசனம் போலிருப்பது அவனுக்கே கேட்டது. ஆனாலும் வந்த வேகத்தில் நிறுத்த முடியவில்லை.

மகிமா யோசித்தார். ரோபோ வந்த விஷயம் வியாபாரிகள் யாருக்கும் தெரியாது. பழைய வாடிக்கையாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்போம், அவர் சொல்வதே முடிவு என்றார். முதஸ்ஸிர் சட்டென்று சிவந்தி அண்ணாச்சியின் பெயரைச் சொன்னான். வண்ணாரப்பேட்டையில் பொம்மை மொத்த வியாபாரம் செய்பவர். நேரில் பார்த்ததில்லை என்றாலும், அவருக்கு அவன் போட்ட பதில்களை வரிசையாக அடுக்கினால் எண்ணூர் வரை போகும்.

அண்ணாச்சி மூச்சு வாங்க மேலே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். மகிமா பேச்சைத் தொடங்கும் முன்பே அவர் தொடங்கிவிட்டார்.

"எனக்குப் பதில் போடுத பிள்ளை எங்கம்மா? அதைப் பாக்கணும்னுதான் நானே படியேறி வந்தேன்."

முதஸ்ஸிர் ஓரடி முன்னால் வந்தான். "நான்தான் அண்ணாச்சி" என்றான்.

அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். சின்னப் பையனாக இருப்பான் என்று நினைத்தாராம். அருகில் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். திருவிழாவுக்கு விற்க வேண்டிய பொம்மைகள் கடலிலேயே நின்றபோது சோறே இறங்கவில்லை, இந்தப் பிள்ளையின் பதிலைப் படித்த பிறகுதான் உயிர் வந்தது, கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன் என்று சொல்லிக்கொண்டே போனார்.

எந்தப் பதில் என்று முதஸ்ஸிருக்கு நினைவில்லை. தன் ஒற்றை வரிக்குள் இத்தனை இருந்ததா என்று அவனுக்கே வியப்பாக இருந்தது. இருந்திருக்கும், எழுதுகிறவனுக்கு அதெல்லாம் தெரியாது என்று சமாதானம் செய்துகொண்டு, அல்வாவில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

மகிமாவுக்கு முகம் வாடிவிட்டது. இப்படிப்பட்ட ஆளைக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்தப் பார்த்தோமே என்று அவருக்கு வெட்கம். அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டுவிட்டார். பதில் போடும் வேலைக்கு மெஷின் வைப்பதா, மனுஷனை வைப்பதா என்று இங்கே ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

"இதுல கேக்கதுக்கு என்னம்மா இருக்கு? மனுஷன்தான்" என்றார் அண்ணாச்சி.

முதஸ்ஸிர் வாயில் அல்வாவோடு மேடத்தைப் பார்த்துச் சிரித்தான். மகிமா சரி என்று தலையாட்டினார். இன்றைக்கே ரோபோவை நிறுத்திவிடச் சொல்லி சாஃப்ட்வேர்காரர்களுக்குப் போன் போடப் போனார்.

அண்ணாச்சி முதஸ்ஸிரின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, வாசல் பக்கம் போனவர் திரும்பி நின்றார்.

"போன மாசம் வரைக்கும் எனக்குப் பதில் போட்டுச்சே ஒரு மெஷின், அதை மட்டும் மறுபடி கொண்டாந்துராதம்மா."