ரத்தம் பார்த்தாச்சு

"ஏரி மதகாண்ட நாலு பேரு பாக்க வேதகிரி உன்னச் சேத்துல தள்ளிக்கீறான். நீ வூட்ல குந்திக்கினு கூழு குடிக்கிற. எதுக்குய்யா உனக்கு மீசை?"

வாசலில் நின்று கேட்டவன் டீக்கடை ராஜாராம். அவன் பின்னால் கீழத் தெருவே நின்றது.

கன்னியப்பன் இன்னொரு வாய் கூழ் குடித்தான். காலையில், தண்ணி முறை யாருக்கு என்பதில் வந்த தகராறு. வேதகிரி மேலத் தெருக்காரன். அங்கேயும் இந்நேரம் இதே பேச்சுத்தான் நடக்கும்.

"தள்ளினா இன்னா? கழுவினா போச்சு" என்றாள் கன்னியப்பன் பெண்டாட்டி சொக்கம்மாள். போன வருஷம் இப்படி ஏற்றிவிட்டுத்தான் பக்கத்து வீட்டு எல்லப்பனுக்கு ஒரு கை போனது.

"பாத்தியா, பொம்பள பேச்சு கேக்கறான்!"

கூட்டம் சிரித்தது.

கன்னியப்பன் கை கழுவினான். உள்ளே போனான். தடியோடு வந்தான்.

"அப்படிப் போடு! இவன் ஆம்பள!"

"நீயும் கூடப் போயேண்ணா" என்றாள் சொக்கம்மாள்.

"நானா? எனக்கு இடுப்பு புடிச்சிக்கினு கீது தங்கச்சி" என்றான் ராஜாராம்.

அரை மணி நேரம். சொக்கம்மாள் கும்பிடாத சாமி பாக்கியில்லை.

கன்னியப்பன் தள்ளாடி வந்தான். நெற்றியிலிருந்து சட்டை வரை சிவப்பு.

"அவன் இன்னா ஆனான்?" என்று கூட்டம் கேட்டது.

"அவனுக்கும் மண்டை ஒடஞ்சிப் போச்சு."

கீழத் தெரு விசிலடித்தது. மேலத் தெருவிலும் விசில் கேட்டது.

"சரிக்குச் சரி! மானத்தைக் காப்பாத்திட்டடா!" என்று ராஜாராம் குதித்தான். இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டட்டுமா என்று ஒருத்தனும் கேட்கவில்லை. திருப்தியாகக் கலைந்து போனார்கள்.

சொக்கம்மாள் புருஷனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அழுதுகொண்டே ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தாள். துடைத்தாள், துடைத்தாள், காயத்தைக் காணோம். துணியை மோந்து பார்த்தாள். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சுற்றுகிற ஆலத்தண்ணி வாசனை.

"யோவ்!"

"கத்தாதே. ரத்தம் பாக்காம ரெண்டு தெருவும் அடங்காதுன்னு காலைலயே பேசி வெச்சிக்கினோம். மஞ்சள் நம்ம வூட்டுது. சுண்ணாம்பு வேதகிரிது."