கோடோவா, கான்பேயா?

“அடுத்தது கான்பே! கான்பே இறங்கறவங்க வாங்க!”

பஸ் ஓட்டுநர் ஹிகாஷிதே மைக்கில் சொன்னதும் சனாயேவுக்குச் சுருக்கென்றது. மறுபடியும் தப்பு!

மற்ற நிறுத்தங்களுக்கெல்லாம் பதிவு செய்த பெண் குரல்தான். இந்த ஒன்றுக்கு மட்டும் அதை அணைத்துவிட்டு, அவரே கத்துகிறார். நிறுத்தத்துப் பலகையில் ‘கோடோ’ என்று உச்சரிப்பு வேறு எழுதிப் போட்டிருக்கிறது.

கடைசி நிறுத்தம் பள்ளிக்கூடம். இறங்கும்போது கேட்டேவிட்டாள்.

“ஏங்க, பலகையைப் பார்க்கவே மாட்டீங்களா? அது கோடோ.”

“மன்னிச்சுக்கோங்க டீச்சர்.” பணிவாகக் குனிந்தார்.

மறுநாளும் கான்பேதான்.

வெங்காயத்தாள் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்தாள். “விடுங்க டீச்சர். எப்படிச் சொன்னா என்ன, பஸ் நிக்குதில்ல?”

“எப்படிங்க விடறது? என் குடும்பப் பேரே அதுதான், கோடோ. ஜப்பானிய எழுத்துல எழுதறது ரெண்டே எழுத்து; ஒண்ணுக்குக் கடவுள்னு அர்த்தம், இன்னொண்ணுக்குக் கதவு. துறைமுக நகரத்துக்கு வெச்சா அதையே கோபேன்னு படிக்கணும். சிலர் வீட்டுல கான்பே. எங்களுக்குக் கோடோ. அந்தக் காலத்துல கோயிலுக்குன்னு உழைச்ச குடும்பங்கள்னு அர்த்தம். பிறந்ததுலேர்ந்து ஆளாளுக்குத் தப்பாக் கூப்பிட்டு, நான் திருத்தித் திருத்தியே வளர்ந்தவ!”

“அப்போ ஸ்டாப்பே உங்க பேர்லதான் இருக்குன்னு சொல்லுங்க!”

பஸ்ஸே சிரித்தது. சனாயே சிரிக்கவில்லை. அன்றைக்கே பஸ் கம்பெனிக்கு இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினாள்.

அடுத்த திங்கட்கிழமை மைக் இருந்த இடம் காலி; ஓட்டுநர் எந்த நிறுத்தத்தையும் அறிவிக்கக் கூடாது என்று கம்பெனி உத்தரவு. “அடுத்து, கோடோ” என்றது பெண் குரல், தேன் மாதிரி. சனாயே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பஸ் நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஹிகாஷிதே கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி ஒரு நிமிஷம் காத்திருந்தார். பிறகு பெருமூச்சோடு கிளப்பினார்.

பள்ளிக்கூடம் வந்தது. எல்லோரும் இறங்கிய பிறகும், தொப்பி போட்ட முதியவர் ஒருவர் மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உட்கார்ந்தே இருந்தார். முகம் கலங்கியிருந்தது.

“கான்பே இன்னும் வரலையா? அவ பசியோட இருப்பாளே.”

ஹிகாஷிதே ஓடி வந்தார். “என் தப்புதான் குசுமி ஐயா. இன்னிக்குச் சுத்துவழியா வந்துட்டேன். திரும்பறப்போ கான்பேயில நிறுத்தறேன்.”

“பார்த்து ஓட்டுப்பா!” என்று அதட்டினார் முதியவர். முகம் தெளிந்தது.

சனாயே ஓட்டுநரைக் கீழே அழைத்தாள். “யாருங்க அவர்?”

“அவர் சம்சாரம் அங்கே முதியோர் இல்லத்துல இருக்காங்க. தினம் சாப்பாடு கொண்டு போறார். இவருக்கு ரெண்டு வருஷமா மறதி நோய். ஊரை அந்தக் காலத்துல கான்பேன்னுதான் சொல்வாங்க. எழுத்தை அப்படியே விட்டுட்டுப் பஞ்சாயத்து அதைக் கோடோன்னு மாத்தினது அவர் மனசுல நிக்கல. கோடோன்னா அவருக்கு வேற எங்கேயோ.”

“அவர்கிட்ட மட்டும் மெதுவாச் சொல்லியிருக்கலாமே?”

“முப்பது வருஷம் இதே பஸ்ஸை ஓட்டினவர், டீச்சர். ‘ஐயா, உங்க ஸ்டாப்’னு தட்டி எழுப்பினா, நாலு பேர் முன்னால கூசிப்போயிடுவார். அதான் எல்லாருக்குமா சேர்த்துத் தப்பாச் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

மறுநாள் காலை. “அடுத்து, கோடோ” என்று பெண் குரல் சொல்லி முடிப்பதற்குள், இருக்கையிலிருந்து எழுந்து நின்று கணீரென்று கத்தினாள் மொழி ஆசிரியை கோடோ சனாயே:

“கான்பே! கான்பே இறங்கறவங்க வாங்க!”