தலைவருக்கு மயக்கம்

"நம்ம வாயனசாலையில வந்து எவன் அம்மிணி மயங்கி விழப் போறான்?"

சென்னியப்பன் பேப்பரை மடித்து மேசைமேல் போட்டார். கேரள எல்லையோர ஊர்க்காரர்கள் வாயனசாலை என்று சொல்லும் கிராம நூலகத்தின் தலைவர் அவர். நூலகர் நர்மதா கேட்டு அவர் மாட்டேன் என்றது இதுதான் முதல் தடவை.

"காலம் கெட்டுக் கெடக்குதுங்க பெரீப்பா. போதை மாத்திரை, ஊசின்னு எங்க பாத்தாலும் இதே பேச்சு. அளவு மிஞ்சிட்டா மூச்சே நின்னு போகுமாம். அப்ப மூக்குல அடிக்கிற மருந்து ஒண்ணு இருக்குதுங்க, நலாக்சோன்னு. பக்கத்துல இருக்கறவங்க உடனே அடிச்சா உசிரைப் புடிச்சு வெக்கலாம். அதை வாங்கி வெச்சு, நாமளும் பழகிக்கலாம்னுதான்..."

"போதைக்காரனுக்கு மருந்து வெச்சிருக்கோம்னு தெரிஞ்சா, பொம்பளப் புள்ளைங்களை எவன் இங்க அனுப்புவான்? இது வாயனசாலையா, சாராயக் கடையா?"

"கமிட்டியில கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"கேளு. எவன் கை தூக்கறான்னு நானும் பாக்கறேன்."

கமிட்டியில் அவரைத் தவிர அத்தனை பேரும் கை தூக்கினார்கள். தங்கதுரை இரண்டு கைகளையும் தூக்கினார். சென்னியப்பனின் பங்காளி அவர். கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. நூலகத்தில் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படிப்பார்கள்.

சென்னியப்பன் வீட்டுக்குப் போய் மனைவி கமலாத்தாளிடம் முறையிட்டார்.

"வெச்சா வெச்சுட்டுப் போறாங்க. உங்களுக்கென்னங்க?" என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சென்னியப்பனுக்கு மனசு விட்டுப் போயிற்று. ராஜினாமா பண்ணிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் காலையில் நூலகத்தில் வந்து உட்காராவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் ஜோமோள் வந்திருந்தாள். சென்னியப்பன் எதிலும் கலந்துகொள்ளாமல், பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மயங்கிக் கிடக்கிற மாதிரி படுக்க ஒராள் வேணுமே," என்றாள் ஜோமோள், மலையாளம் கலந்த தமிழில்.

எல்லார் பார்வையும் ஒரே பக்கம் திரும்பியது.

"பெரீப்பா, சித்தெ வந்து படுங்களேன்," என்றாள் நர்மதா.

"கெரகம்! நானா?"

"தலைவர் இல்லாம என்னங்க நிகழ்ச்சி?"

சென்னியப்பன் பேப்பரைக் கீழே வைத்தார். இடுப்பைப் பிடித்தபடி மெல்ல எழுந்து வந்து, பாயில் மல்லாந்தார்.

முதலில் நர்மதா அவர் தோளைத் தட்டினாள். "பெரீப்பா! நான் பேசறது கேக்குதுங்களா?"

"கேக்குது அம்மிணி. காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது."

சிரிப்பு வெடித்தது. "பிரசிடண்டே, மயங்கினவங்க பதில் பறையக் கூடாது!" என்று ஜோமோள் அதட்டினாள்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நெஞ்செலும்பில் விரல் முட்டியால் தேய்த்துப் பார்த்தார்கள். மூச்சு வருகிறதா என்று முகத்தருகே காது வைத்தார்கள். மோவாயை நிமிர்த்தி, காலிக் குப்பியை மூக்கில் வைத்து அழுத்தினார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதுபோலப் பேசினார்கள். தையற்கடைப் பூவாத்தாள் பதற்றத்தில் குப்பியை அவருடைய மூக்குக்கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். அவருக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொங்கியது. இத்தனை பேர் தன்னைத் தாங்கிப் பிடித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்றும் தோன்றியது.

கடைசியாகத் தங்கதுரை. மோவாயை நிமிர்த்தினார். குப்பி நழுவிக் கீழே விழுந்தது.

"என்ன பங்காளி, என்னைத் தீத்துக்கட்ட இதுதான் சமயம்னு பாக்கறயா?" கண்ணைத் திறக்காமலே கேட்டார் சென்னியப்பன்.

எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"சும்மா கெட," என்றார் தங்கதுரை. "நர்சம்மா, நான் இன்னொருக்கா செய்யறனுங்க."

செய்தார். சரியாகத்தான் செய்தார். ஆனாலும் மறுபடி ஒருமுறை செய்தார்.

பயிற்சி முடிந்து காப்பி வந்தது. மருந்துப் பெட்டியை மாட்டுவதற்காக நர்மதா ஆணியை எடுத்தாள். அவள் தேர்ந்தெடுத்த இடம், அவருடைய நாற்காலிக்கு நேர் மேலே.

"அக்கட்ட, வாசல்கிட்ட மாட்டு அம்மிணி. வெளியாளு எவனாச்சும் விழுந்தா எடுக்கத் தோதா இருக்கும்."

"இங்கயே இருக்கட்டுங்க பெரீப்பா."

"அது எதுக்கு? சின்னப் பசங்க எத்தனை பேரு இருக்கறப்ப, கெழவன் என்னையவே போட்டுப் பொரட்டி எடுத்தீங்க. இப்பப் பெட்டியும் என்ற தலைக்கு மேலயா?"

நர்மதா சுத்தியலைக் கீழே வைத்தாள். அவள் தங்கதுரையைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க," என்று சென்னியப்பனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் நர்மதா. "கமலாத்தா பெரீம்மா எங்ககிட்ட வந்து அழுதுட்டாங்க. புத்துநோய் வலிக்கு டாக்டர் குடுத்த மார்ஃபின் மாத்திரையை, எங்க முன்னால வலி தெரிஞ்சரக் கூடாதுன்னு, அளவுக்கு மேல போட்டுட்டுத்தான் தெனமும் இங்க வர்றீங்களாமா. அது மிஞ்சிட்டாலும் மூச்சு நின்னு போகுமாம், அதுக்கும் இதே மருந்துதானாம். உங்களை வராதீங்கன்னு சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரலைங்க பெரீப்பா... அதுதான் எல்லாருமாச் சேந்து இதைக் கத்துக்கிட்டோம்."