வெள்ளணு அணைத்த அடுப்பு

கழுத்தோரம் ஒரு நிணநீர் முடிச்சுக்குள் வெள்ளணு ஒன்று குடியிருந்தது. ஒருநாள் அந்த வழியாகப் போன சிவப்பணு, "கொலஸ்ட்ரால்தான் ரத்தக்குழாயை அடைக்குதாம். ஊரே அதைத் திட்டுது. நீ அதை வீட்டுக்குள்ளேயே காய்ச்சுறியாமே?" என்று கேட்டுவிட்டது.

வெள்ளணுவுக்கு மானம் போயிற்று. தனக்குள் கொலஸ்ட்ரால் காய்ச்சிக்கொண்டிருந்த அடுப்பை அப்போதே அணைத்துவிட்டது.

கொஞ்ச நாளில் தொண்டைக்குள் கிருமிகள் புகுந்தன. சேதி கொண்டுவந்த தூதணுவுக்கு மூச்சு வாங்கியது.

"அதுங்க பெருகிட்டே வருது. இந்தக் கிருமியை அடையாளம் கண்டு அடிக்க நீ ஒருத்தன்தான் இருக்கே. சீக்கிரம் ரெண்டாகு, நாலாகு!"

வெள்ளணு தம் பிடித்துப் பருத்தது. பாதியிலேயே அதன் மேல்சவ்வு விண்ணென்று இழுத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் முக்கினால் கிழிந்துவிடும் போலிருந்தது.

"ஏன் நின்னுட்டே?"

"ஒருத்தனுக்கே சவ்வு போதலை. ரெண்டு பேருக்கு எங்கே போவேன்?"

"சவ்வை எதை வச்சுச் செய்வே?"

வெள்ளணு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "அதுக்குக் கொலஸ்ட்ராலும் வேணும். ஊர் திட்டுதேன்னு அடுப்பை அணைச்சுட்டேன்."

"உன் அடுப்பைப் பத்தவைக்க யாரைக் கேட்கணும்?"

வெள்ளணு அடுப்பைப் பற்றவைத்தது. கொலஸ்ட்ரால் ஊற ஊற, சவ்வு வளர்ந்து விரிந்தது. வெள்ளணு நடுவில் இடுங்கி, ஒருவழியாக இரண்டாகப் பிரிந்தது.

புதிதாக வந்த அணு, "தள்ளி நில்லு, நான் ரெண்டாகணும்!" என்று அதட்டியது.

"பிறந்ததுமே இவ்வளவு கொழுப்பா!" என்று பூரித்துப்போய் இடம்விட்டது வெள்ளணு.