கார்ப்பட்டுக்குக் கீழே

"கார்ப்பட்டுக்குக் கீழ பாத்தீங்களா? வாறவன் முதல்ல அதத்தான் தூக்குவான்."

குசினி வாசலில் நின்று பளீலா சத்தம் போட்டாள். அவள் புருஷன் ஜபார் கெப் வண்டிக்குள் தலைகீழாகக் கிடந்தார். கால் இரண்டும் கதவுக்கு வெளியே.

"பாத்துட்டன்."

"சீட்டுக்கு அடில?"

"அதுவும் முடிஞ்சி."

"ஏசி ஓட்டைக்குள்ள?"

"பல்லு விளக்குற பிரஸ்ஸ விட்டு ஆட்டினதுல என்ட மூக்குத்தான் அடைச்சிப் போச்சி. நீ வந்து செய்யன் பாப்பம்."

"நான் வந்தா உங்களுக்கு என்ன வேல? அங்கால குந்தி இருமுறதா?"

காலையிலிருந்து ஜபாருக்குத் தூசியோடுதான் பாடு. அதுவும் எலுவன்குளத்துக் காட்டோரப் பாதைத் தூசி, லேசுப்பட்டதல்ல. அந்தப் பாதையில் ஒருக்கா போய் வந்தவனை அவன் உம்மாவே "நீங்க யார்ர மகன்?" என்று கேட்பாள். ஒரு ஆளுக்கு மூக்கில் நெல் முளைத்து, அறுவடைக்கு ஆள் தேடித் திரிந்ததாக நுரைச்சோலையில் கதை இருக்கிறது. பொய் என்று சொன்னவர் எவரும் இல்லை.

ஆனால் ஜபார் பகிடி விடும் நிலையில் இல்லை. கடல் அடங்கிக் கிடந்தது. ஊரே மீன் அள்ளியது. அவருடைய போட் மட்டும் எஞ்சின் இல்லாமல் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் நிழலில் நாய் குட்டி போட்டிருந்தது. கெப் விலைப்பட்டால்தான் எஞ்சின். ஏற்கெனவே வந்து பார்த்த இரண்டு பேரும் "வீட்ட கேட்டுச் சொல்றம்" என்று போனார்கள். இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அஸர் தொழுகை முடிந்ததும் கெப் பார்க்க ரிப்கான் வந்தான். கற்பிட்டியில் மரக்கறி யாவாரம். வாயும் யாவாரத்துக்கு ஏற்ற வாய்.

கதவைத் திறந்தான். குப்பென்று செம்மண் புகை எழும்பியது.

"நாநா, இது கெப்பா, மிளகாத்தூள் மில்லா?"

"என்ன செய்ற தம்பி, காட்டுப் பாதை."

"நல்லாத்தான் துடைச்சி வெச்சிருக்கீங்க."

கார்ப்பட்டைத் தூக்கினான், அங்கும் செம்மண். சீட்டில் ஒரு தட்டுத் தட்டினான். அடுத்த வீட்டுக் கோழி தும்மியது. ஏசியைப் போட்டான், ஒரு கைப்பிடி மண் வந்து முகத்தில் அப்பியது.

"மாஷா அல்லாஹ்! இதுக்குள்ள கத்தரிக் கன்று நட்டுத் தண்ணி ஊத்தினா போதும் போல."

பளீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜபாரைப் பார்த்தாள். ஜபார் கடலைப் பார்த்தார்.

ரிப்கான் எஞ்சினை முடுக்கிப் பார்த்தான். இறங்கி, கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டான்.

"எடுக்கிறன் நாநா."

ஜபாருக்கு இருமல் வந்துவிட்டது.

"நாலு கெப் பாத்துட்டன். எல்லாம் கண்ணாடி மாதிரி. கார்ப்பட்டுக்குக் கீழ ஒரு பொட்டுத் தூசி இல்ல, அத்தர் வேற அடிச்சிரிக்கி. இந்த ஊர்ல தூசி இல்லாத வாகனம் என்டா என்ன கருத்து? வெள்ளத்துல முங்கினத கழுவி எடுத்து நம்மட தலைல கட்டுறானுகள். நீங்க வெள்ள மனசுக்காரர், அந்தக் கள்ளமெல்லாம் உங்களுக்குத் தெரியாது."

"எங்களுக்கு எங்க தம்பி அதெல்லாம்," என்றார் ஜபார், மிகுந்த பணிவோடு.

காசு கைமாறியது. கெப் முடக்கில் திரும்பி மறைந்தது. பளீலா குசினிக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எலுவன்குளத்து மண் இன்னும் அரைச் சாக்கு மிச்சம் கிடக்கு. கொட்டிரவா?"

"கொட்டிராத. நிஸார் மச்சானுக்கு வேணுமாம். போன மாச வெள்ளத்துல அவர்ர கெப்பும் எங்கடதுக்குப் பக்கத்துலதானே முங்கிக் கிடந்திச்சி."